அப்பாவின் இருபது கிலோ

வெள்ளிக்கிழமைகளில் காலை ஷிப்ட் முடிந்ததும் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். பிறகு சாவிக்கொத்து, போன், செருப்பு. பஸ் டிப்போவின் ஸ்டோர் ரூமில் பழைய இரும்பு நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஏறி மூச்சை அடக்கி நிற்பார். ஸ்டோர்கீப்பர் எண்ணைப் பார்த்துச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவார். டயர் பிரிவில் இருபத்திரண்டு வருட வேலை, இடுப்பைச் சுற்றி டயர் மாதிரி ஒரு சதை வளையம். டிப்போவில் அப்பாவின் பெயர் ஸ்டெப்னி.

"என்ன ஸ்டெப்னி, காத்து எறங்குதா?"

"மெதுவாத்தான் எறங்கும். நான் ஒட்டின டயராச்சே."

தம்பிக்குப் பதினொரு வயது. ஆட்டிசம் உள்ளவன். அவன் போகும் பயிற்சி மையத்தில் ஒரே ஒரு டீச்சர். தானாகக் கழிப்பறைக்குப் போகவும், சாலையில் பிடித்த கையை உதறாமல் நடக்கவும் நான்கு வருடம் போராடிக் கற்றுக்கொடுத்தவர். இந்த வருடத்தோடு அவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் அப்பா, தான் குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் கேட்கப்போவதாகச் சொன்னார்.

"எப்படியும் எடையைக் குறைன்னு டாக்டர் சொல்லிட்டார். சும்மா குறைச்சா யாருக்கு லாபம்?"

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்பதால் நோட்டீஸ் எழுதுவது என் தலையில் விழுந்தது. உயரத்துக்கேற்ற எடை என்று ஓர் அட்டவணையைப் பார்த்து, ஐந்து மாதத்தில் இருபது கிலோ என்று நான்தான் போட்டேன். 'நோயால் வாடும் மகனுக்காக' என்றும் எழுதியிருந்தேன்.

"அவன் எங்கம்மா வாடுறான்? நாமதான் வாடுறோம். அதை எடுத்துடு," என்றார் அப்பா.

அவர் ஏன் பருத்தார் என்று அப்போது நான் யோசிக்கவேயில்லை. தம்பி அப்பாவின் தட்டில்தான் சாப்பிடுவான். அப்பா ஒரு வாய், அவன் ஒரு வாய். அப்பா நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான். அம்மாவோ நானோ உட்கார்ந்தால் தட்டைத் தள்ளிவிடுவான். காலையும் இரவும் இப்படித்தான். பசித்தாலும் பசிக்காவிட்டாலும், தம்பியின் வயிறு நிறையும்வரை அப்பா ஆறு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நோட்டீஸ் ஒட்டியபின் அவர் ஒவ்வொரு வாயையும் சிறிதாக எடுத்தார். ஆறு வாரத்தில் ஏழு கிலோ குறைந்தது. டிப்போவில் கைதட்டினார்கள். அந்த வாரம்தான், தம்பியைக் குளிப்பாட்டிய அம்மா அவனைத் துண்டோடு கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

"நீங்க எளைக்கிறது சரி. இவனும் கூடவே எளைக்கிறானே, பாத்தீங்களா?"

விலா எலும்புகள் தெரிந்தன. அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "நான் எவ்ளோ எடுக்கிறேனோ அவ்ளோதான் அவனும் எடுக்கிறான்," என்றார்.

நான் விடவில்லை. எங்கேயோ படித்ததை வைத்து, மறுநாள் தட்டில் அப்பாவின் பக்கம் மட்டும் வெள்ளரித் துண்டுகளை அடுக்கினேன். தம்பி இரு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். அன்று பகல் முழுவதும் அவன் வாயில் தண்ணீர் மட்டும்தான் இறங்கியது.

இரவில் அப்பா பழையபடி பெரிய வாயாக எடுத்தார். தம்பியும் எடுத்தான். மறுநாள் முதல் அவர் பஸ்ஸை விட்டுவிட்டு, டிப்போவுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் நடந்தார். முட்டி வீங்கியது. அப்படியும் அடுத்த வெள்ளிக்கிழமை எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. எனக்குப் பேச வராது, நீ சொல்லு என்று என்னைக் கூட்டிப்போயிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தராசின் மேல் நின்றபடியே அவரே பேசினார்.

"நான் சாப்பிட்டாத்தான் பையன் சாப்பிடுவான். அதனால சாப்பிட்டேன். இனியும் சாப்பிடுவேன். குறையற வரைக்கும் குறையட்டும். காசு தர்றேன்னவங்க வேணாம்னா சொல்லிடுங்க, வருத்தமில்ல."

"ஏன்யா, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் டிப்போ எலக்ட்ரீஷியன்.

"சொன்னா பாவம்னு குடுப்பீங்க. அதுக்குத்தான் கிலோவுக்குன்னு கேட்டேன்."

ஏறிய இரண்டு கிலோவையும் ஸ்டோர்கீப்பர் தாளில் எழுதினார். பிறகு இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

ஐந்து மாத முடிவில் மொத்தம் ஒன்பது கிலோ. வந்த பணத்தில் டீச்சரை வாரத்துக்கு மூன்று நாள்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார்கள். எந்த மூன்று நாள் வேண்டும் என்று கேட்டார்கள். அம்மா தையல் வேலைக்குப் போவது ஐந்து நாள்; எந்த மூன்றைச் சொன்னாலும் இரண்டு நாள் டீச்சர் இல்லாமல் மிஞ்சியது. அந்த இரண்டு நாளும் பகலில் தம்பியோடு வீட்டில் இருக்க, அப்பா மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார்; அன்று தம்பியின் இரவுச் சாப்பாடு அவர் திரும்பிய பிறகுதான்.

இருபது என்று நான் எழுதாமல் இருந்திருந்தால், பாதியில் நின்றுவிட்டவராக அவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"பத்துன்னு போட்டிருந்தா அஞ்சுலயே நின்னிருப்பேன். விடும்மா."

"அடுத்த வருஷத்துக்கு என்னப்பா செய்யறது?"

அவர் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தார்.

"மறுபடி நடக்கணும்ல. முட்டிக்குத் தடவுற தைலம் எங்க இருக்குன்னு பாரு," என்றார்.