கொழும்புக் கடையின் தேயிலை

சம்சுன்னிசா கோணி ஊசியால் ஒரு சாக்குப் பொட்டலத்தின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். கொழும்புக் கடையிலிருந்து தூத்துக்குடிக்குத் தோணியில் வந்து, காயல்பட்டினம் வீட்டை அடைந்த பொட்டலம். உள்ளே தேயிலை, கறுவாப்பட்டை, இரண்டு கைலி. கணவர் ஈஸா ஆசையாகப் பிரித்ததை அவர் மறுபடி மூடினார்.

"ஏளா, என் கடைத் தேயிலைய நான் குடிக்கக் கூடாதா?" என்றார் ஈஸா, கட்டிலிலிருந்து.

"ஒங்க கடையா? போன வருசமே ராஹிலாவுக்குக் குடுத்தாச்சுல்லா. அடுத்தவ தேயிலைக்கு நாக்கு ஏன் ஊறுது?"

ஈஸாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்திருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற நான், அவரைக் கவனிக்க 1944இல் அங்கே போயிருந்தேன்.

கடையை மகள் ராஹிலாவுக்கு எழுதிவைத்தது சம்சுன்னிசாவின் ஏற்பாடு. காக்கா என்று அவர் அழைத்த அண்ணன் கொழும்பில் திடீரென்று இறந்தபோது, இறந்தவர் சொத்துக்கு அங்கே விதிக்கும் வரிக்குப் பணம் புரட்டும்வரை அவர் கடை பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் அதை வந்த விலைக்கு விற்றுத் தள்ளினார்கள். அந்தக் கதி தன் மகளுக்கு வரக் கூடாது என்று சம்சுன்னிசா வக்கீலைக் கேட்டார். உயிரோடு இருக்கும்போதே கொடுக்கலாம், ஆனால் கொடுத்தவர் அதன்பின் சில வருஷம் வாழ வேண்டும், கொடுத்ததிலிருந்து எந்தப் பலனையும் அனுபவிக்கக் கூடாது, தவறினால் அதே வரி விழும் என்றார் வக்கீல்.

காயல்பட்டினத்தில் கல்யாணத்தின்போது மகளுக்கு வீடு கொடுப்பார்கள். கொடுத்த வீட்டிலேயே பெற்றோரும் இருந்து சாப்பிடுவார்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை. ஈஸா கடையையும் அப்படியே நினைத்துவிட்டார்.

"சர்க்கார் வந்து என் டீயை மோந்து பாக்கப் போறானா?"

"கடை ஆளுகளக் கேப்பான். பழைய மொதலாளிக்கு மாசாமாசம் சாமான் போகுதும்பான். அம்புட்டுதான், குடுத்தது குடுத்ததில்லன்னு ஆயிரும்."

"நர்ஸம்மா, நீங்களாவது சொல்லுங்க."

"வக்கீல் சொன்னதுல பாதி அவங்க பொறுப்பு, பாதி என் பொறுப்பு. நீங்க உசுரோட இருக்கணும். கையை நீட்டுங்க, பயிற்சி செய்யணும்."

"ரெண்டு பேரும் சேந்து சாகவும் விடமாட்டிய, டீ குடிக்கவும் விடமாட்டிய!"

பொட்டலம் திரும்பிப் போனது. அதன்பின் தென்னந்தோப்பு வருமானத்தில் தூத்துக்குடியில் வாங்கிய தேயிலையைத்தான் குடித்தார். குடித்த நாளெல்லாம் குறை சொன்னார்.

ஒரு நோயாளியை வருஷக்கணக்கில் படுக்கைப்புண் இல்லாமல் காப்பாற்ற, நர்ஸ் சொன்னதை வீட்டார் செய்ய வேண்டும். சம்சுன்னிசா செய்தார். இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

கடைசி ரமலானில் ஈஸா என்னிடம் சொன்னார்: "இவ இல்லாட்டா மகளுக்கு நான் பூட்டுன கடையத்தான் விட்டுட்டுப் போயிருப்பேன். அல்லாவுக்கும் அவளுக்கும் நன்றி. அவகிட்டச் சொல்லிராதிய, தலையில ஏறிக்குவா."

நான் உடனே போய்ச் சொன்னேன்.

"இதச் சொல்ல இத்தன வருசமா?" என்றார் சம்சுன்னிசா. முகம் மலர்ந்திருந்தது.

1949இல் ஈஸா தூக்கத்திலேயே போனார். வக்கீல் சொன்ன கெடு அதற்குள் கழிந்திருந்தது. தந்தி கிடைத்ததும், கொழும்பில் கடையை நடத்திவந்த ராஹிலாவின் கணவர் அதை அடைத்தார். மறுநாள் காலை திறந்து, வாசலைக் கூட்டி, வியாபாரத்தைத் தொடங்கினார்.