பல் முளைக்காத பிள்ளைகளையும் எழுதச் சொன்னவர்

செஞ்சி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டர்தான் சொன்னார்: "தலையாரி, உங்க ஹெல்த் இன்ஸ்பெக்டர் சுந்தரமூர்த்தி போய்ட்டாராம். மாரடைப்பாம்." கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவரை அறிந்த உங்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. என் மகள் எழுதுகிறாள்.

அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷம். மார்கழியில் தளவானூரில் வீட்டுக்கு வீடு புளூ காய்ச்சல். ஊரில் சாவு விழுந்தால் தலையாரி நான் போய்ச் சொல்ல வேண்டும், மணியக்காரர் சாவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆனால் பல் முளைக்காத பிள்ளை செத்தால் எங்கள் பக்கம் பறையும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. விடிந்ததும் புதைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் சொல்லமாட்டேன். மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து மணியக்காரர் வீட்டு வாசலில் புத்தகத்தைப் புரட்டினார்.

"செஞ்சி கடைத்தெருவுல நீலகிரித் தைலமெல்லாம் தளவானூருக்கே போவுதுன்னு செட்டியார் சொல்றாரு. இங்க ஒரு சாவுகூட இல்ல. ஊரே சிரஞ்சீவியா, இன்னா?"

"பெருசுங்க யாரும் போவலீங்க, சார்" என்றேன்.

"சின்னதுங்க?"

"அதுங்கள்லாம் சேத்தியில்லீங்களே. பல்லுகூட மொளைக்கல."

"மூச்சு விட்டுச்சில்ல? அப்ப சேத்திதான்." குரல் உயரவில்லை.

சொல்லத் தொடங்கினேன். எந்த வீடு, எந்தச் சந்தை கழித்து எத்தனையாம் நாள், இருமல் எப்போது வந்தது, விலா எப்படி உள்ளே இழுத்தது. நான்கு பிள்ளைகள்.

மணியக்காரர் சிரித்தார். "கைநாட்டு ஆளு சொல்றதயா எழுதப் போறீங்க?"

"எழுதத் தெரிஞ்சவரு புஸ்தகம் வெறுமையா இருக்குதே, மணியக்காரரே. தலையாரி சொல்லட்டும்."

எழுதி முடித்ததும், "இப்ப யாருக்கு அப்டி இழுக்குது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மூன்று வீடு சொன்னேன். மூன்றாவது என் வீடு. இதை எழுதுகிற என் மகளின் பையன், அப்போது ஆறு மாதம். சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு, மூன்று தாய்மாரையும் பிள்ளைகளோடு மத்தியான பஸ்ஸில் ஏற்றி, செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனார். மறுநாள் டாக்டரின் ஜீப் ஊருக்கு வந்தது. வீடு வீடாகப் பார்த்தார்கள்.

என் பேரனும் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் பிழைத்தார்கள். அதே பஸ்ஸில் போன அடுத்த தெரு அஞ்சலையின் பெண் குழந்தை பிழைக்கவில்லை.

அதை எழுத இன்ஸ்பெக்டரே வந்தார். பேர் வைக்காத பிள்ளை. மணியக்காரர் 'பெண் குழந்தை' என்று எழுதப் போனார். இவர் கையமர்த்திவிட்டு அஞ்சலையிடம் கேட்டார்: "வீட்ல இன்னான்னு கூப்டுவீங்கம்மா?"

அவள் "சிட்டு" என்றாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை பேனாவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரிடமிருந்து என்னோடு இருப்பது அந்தக் கேள்வி. முந்தாநாள் ஒரு வீட்டில் பிறந்து ஒன்பது நாளான பிள்ளை போயிற்று. வாசலில் நின்று கேட்டேன். சொன்னார்கள். அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே மணியக்காரர் வீட்டுக்கு நடந்தேன்.