வட்டி வாத்தியார் வாங்கிய கடன்

படைமுகாமில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் சார்ஜன்டுக்கு, பெற்றோர் வைத்த பெயர் மறந்துபோய் 'வட்டி வாத்தியார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. புதிதாகச் சேரும் சிப்பாய்களுக்கு மாதம் ஒரு வகுப்பு எடுக்கும் வேலையை யாரோ மேலதிகாரி அவர் தலையில் கட்டியிருந்தார். அவசரத்துக்குக் கடன் வாங்குவது எப்படி என்பது தலைப்பு. வாங்காமல் இருப்பது எப்படி என்று அவராகவே அதை மாற்றிக்கொண்டார்.

"முகாம் கேட்டுக்கு எதிர்ல மஞ்சள் போர்டு போட்ட வட்டிக்கடை இருக்கு. கேட்ட உடனே பணத்தைக் கையில வெச்சிடுவான். அப்புறம் உங்க சம்பளம் அவனுக்கு, உழைப்பு மட்டும் உங்களுக்கு. அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க!"

முகாமின் நலநிதியில் வட்டியில்லாத அவசரக் கடன் உண்டு என்பதை, கடைசியில் மூச்சு வாங்கும்போது முணுமுணுப்பார். அதைக் கேட்டுப் போய் நிற்பது சிப்பாய்க்கு அழகில்லை என்பது அவருடைய சொந்தக் கருத்து.

அப்படியிருக்கும்போது சூறைக்காற்று ஒன்று அவருடைய ஊருக்குள் புகுந்தது. மனைவி போனில் அழவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"நம்ம கூரைத் தகரம் அடுத்த தெருவுல கிடக்குதுங்க. பிள்ளைங்க படுத்துக்கிட்டே வானத்தைப் பார்க்குதுங்க. முன்பணம் இல்லாம கூரைக்காரர் ஏணியில கால் வைக்க மாட்டேங்கிறார். பேங்க்ல போட்டிருக்கீங்கல்ல, அதை எடுத்து அனுப்புங்க."

சார்ஜன்ட், "பார்க்கிறேன்" என்று போனை வைத்தார். அந்தச் சேமிப்பு முழுவதும் மைத்துனன் வாங்கிய காருக்குள் போயிருந்தது. அவன் வாயினிக்கக் கேட்டான், இவர் மனமிளகிக் கொடுத்தார், மனைவிக்குச் சொல்லவில்லை. இப்போது அவனைப் போனில் பிடித்தால், "கையில காசு இல்லையே அத்தான். வேணும்னா கூரை சரியாகுற வரைக்கும் அக்காவும் பிள்ளைங்களும் கார்ல இருக்கட்டுமே" என்றான்.

நலநிதிக்குக் கேப்டனின் கையெழுத்து வேண்டும். வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டி ரசிக்கும் அதே கேப்டன். அவர் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? சார்ஜன்ட் சீருடையைக் கழற்றி, சாதாரணச் சட்டைக்கு மாறி, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மஞ்சள் போர்டு கடைக்குள் நுழைந்தார்.

"வாங்க வாத்தியாரே!" என்று கடைக்காரர் எழுந்தே விட்டார். "உங்க புண்ணியத்துல வியாபாரம் நல்லா ஓடுது. ஒவ்வொரு வகுப்பு முடிஞ்சதும் பசங்க நேரா இங்கதான் வர்றாங்க. வழி சொன்னதே நீங்கதானாமே!"

சார்ஜன்டுக்குக் காது சுட்டது. திரும்பினால், மூலை நாற்காலியில் கேப்டன். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் செடியை உற்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"டயர் விலை கேக்க வந்தேன்" என்றார் கேப்டன்.

"நானும் அதுக்குத்தான் சார்."

டயர் அந்தத் தெருவிலேயே கிடையாது. இருவரும் கொஞ்ச நேரம் செடியைப் பார்த்தார்கள். பிறகு கேப்டன் மெல்ல, "அப்பாவுக்கு ஆபரேஷன்" என்றார்.

"நலநிதியில கேக்கலையா சார்?"

"கர்னல்கிட்டல்ல போகணும்? கணக்கா வாழ்ற அதிகாரின்னு எல்லார் முன்னாடியும் என்னைப் புகழ்ந்து வெச்சிருக்கார். நீங்க ஏன் கேக்கலை?"

"உங்ககிட்டல்ல வரணும் சார்!"

கேப்டன் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் திகைத்துப்போனார். இரண்டு வாடிக்கையாளர்களும் கடன் வாங்காமலே நடையைக் கட்டினார்கள்.

மறுநாள் காலை சார்ஜன்டின் நலநிதி மனுவில் கேப்டன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். கர்னலின் அறை வாசலில் அவருக்குத் துணையாக சார்ஜன்ட் நின்றார். கர்னல் தொகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? நான் வாங்கினது இதைவிட ஜாஸ்தியாச்சே" என்றாராம்.

அதன்பிறகு வகுப்பில் சார்ஜன்ட் தன் கதையையே சொன்னார். சிப்பாய்கள் கூச்சம் விட்டு நலநிதிக்குப் படையெடுத்தார்கள். விளைவு, நிதி காலி. அவருடைய சேவையைப் பாராட்டி, மறு அறிவிப்பு வரும்வரை வகுப்பை நிறுத்திவைக்கும்படி மேலிடம் உத்தரவிட்டது.

கூரை ஏறியது. சம்பளத்தில் கடன் பிடித்தம் தெரிந்ததும் மனைவி துருவித் துருவிக் கேட்க, கார் விவகாரம் அம்பலமானது. அவள் சண்டை போடவில்லை. தம்பி வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்துவந்து, ஓட்டுநர் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். பணம் திரும்பும்வரை அவன் பஸ்ஸில் போகட்டும் என்றாள்.