தண்ணீர் அதிகமாக வந்த நாள்

கடலோர ஆலையொன்றில் கடல் நீரைக் குடிநீராக்கும் மெம்பரேன்களோடு மாரடித்து ஓய்வு பெற்றேன். இப்போது சொந்த ஊரான செஞ்சியில் இருந்துகொண்டு, சுற்றுப்பட்டு ஊர்களின் ஆர்.ஓ. குடிநீர் பிளான்ட்களுக்கு சர்வீஸ் பார்க்கிறேன். அனந்தபுரம் போகிற வழியில் ஓர் ஊர். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அங்கே மகளிர் சங்கம் நடத்தும் பிளான்ட்டுக்கு அல்போன்சாதான் ஆபரேட்டர். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு மெஷினு?" என்றவர்களை மீறி அந்த வேலையை வாங்கியவர்.

மாதா கோயில் திருவிழா அன்று காலை சர்வீசுக்குப் போனேன். அல்போன்சாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, தண்ணி பிச்சிக்கினு வருது! மாதா கண்ண தொறந்துட்டாங்க."

மெம்பரேன் ஒரு நுண்ணிய சல்லடை. தண்ணீரை விடும், உப்பைப் பிடித்துக்கொள்ளும். திடீரென்று தண்ணீர் கொட்டினால் சல்லடை போய்விட்டது என்று பொருள். உப்பளவு காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தேன். கிணற்று உப்பு அப்படியே வந்துகொண்டிருந்தது.

"மெஷினுக்குப் போற தொட்டியில இன்னா போட்ட?"

"வெளியூரு ஜனம் வருதேன்னு பிளீச்சிங் பவுடரு. மூணு நாளா கை நெறைய அள்ளிப் போட்டேன்."

கடல் உப்பையே தாங்கும் மெம்பரேன், பிளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரினைத் தாங்காது. ஆலையில் குளோரின் போட்டால், மெம்பரேனுக்குப் போகுமுன் அதை முறிக்க இன்னொரு மருந்தும் போடுவோம். இங்கே குளோரினைப் பிடிக்க இருந்த சின்ன கார்பன் ஃபில்டர் அத்தனை பவுடருக்கு எம்மாத்திரம்?

விஷயத்தைச் சொன்னதும் அல்போன்சா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலை போய்விடுமே என்ற பயம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"மெம்பரேன் பழசாயிடுச்சுன்னு சங்கத்துல நான் சொல்லிக்கிறேம்மா."

"வாணாண்ணா. புதுசு போட்டதும் வேற யாராச்சும் இதே மாதிரி பவுடர கொட்டுவாங்க."

மெஷினை நிறுத்திவிட்டு, பந்தி தொடங்கும் முன் கோயில் மைக்கை வாங்கினார்.

"சுத்தம் பண்றேன்னு நாந்தான் மெஷின கெடுத்துட்டேன். இன்னிக்கி கெணத்துத் தண்ணிதான், பொறுத்துக்குங்க. மெஷின் தொட்டியில இனிமே யாரும் பிளீச்சிங் பவுடரு போடாதீங்க."

கூட்டத்தில் ஏச்சும் கேட்டது, சிரிப்பும் கேட்டது. அல்போன்சா தலை குனியவில்லை. சங்கம் புது மெம்பரேன் போட்டது. ஆபரேட்டரை மாற்றவில்லை.

எங்கள் ஆலையில் மெம்பரேன் போனால், முந்தின ஷிஃப்ட்டில் யார் என்றுதான் முதலில் தேடுவோம். அவன் அதற்கும் முந்தின ஷிஃப்ட்டைக் காட்டுவான். காரணம் கடைசிவரை தெரியாது. அடுத்த மெம்பரேனும் அப்படியே போகும்.