உப்பில்லாக்கா

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளை எல்லாரும் உப்பில்லாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை வேலைக்குச் சேர்ந்த அன்று ஒருமுறை கேட்டார்கள், அதோடு சரி. பத்தியச் சாப்பாடு முழுக்க அவள் பொறுப்பு. இருதயக்காரருக்கு உப்பில்லாத சூப், சர்க்கரைக்காரருக்கு வேகவைத்த காய், பல் போனவருக்குக் குழைந்த கஞ்சி. ஐம்பதைத் தாண்டியும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள்போல் சுற்றிச் சுற்றி வருவாள். பாவம் என்று யாராவது உட்கார ஸ்டூல் போட்டால், அதன் மேல் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருப்பாள்.

சுவரில் தொங்கும் போன் அடித்தால் மட்டும் அவள் கை ஓயும். "அக்கா, அஞ்சாம் மாடிக்காரர் வந்துட்டாரு" என்று நர்ஸ் சொன்னாள் என்றால், கோர்ட்டில் வாய்தா நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மனிதருக்கு நெஞ்சுவலி வருவதற்கு நாள் பார்க்கவே வேண்டாம், கோர்ட்டே நாள் குறித்துக் கொடுத்துவிடும்.

அவர் ஒரு விடுதியின் நிறுவனர். ஏழைப் பெண்பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் இலவசம் என்று நடத்தினார். அப்புறம் அமைச்சரானார், அப்புறம் பதவி போனாலும் மரியாதை போகாத பெரிய மனிதரானார். சின்ன வயதில் அப்பா செத்தபின் உப்பில்லாக்காவை அந்த விடுதியில்தான் அம்மா கொண்டுபோய் விட்டாள். அங்கே ஆபீஸ் அறை என்று ஒன்று இருந்தது. சாயங்காலங்களில் அந்த அறைக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்புவார். உள்ளே போன பிள்ளைகள் வெளியே வந்து யாரோடும் பேசமாட்டார்கள். அவளும் பேசவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் வேலைக்குப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அதே விடுதியில் படித்த ஒருத்தி போலீஸுக்குப் போனாள். அதைக் கேள்விப்பட்டு இவள் போனாள், இன்னொருத்தியும் வந்தாள். மூன்று பேர் சேர்ந்தபோது மலையையே புரட்டிவிடலாம் என்று இருந்தது. வழக்கு இழுத்த இழுப்பில் முதலாமவள் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். மற்றவளின் மகன்கள் மானம் போகிறது என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள். மிஞ்சியவள் உப்பில்லாக்கா ஒருத்திதான். அந்த ஆள் கூண்டில் நிற்கவேண்டும், தான் பேசவேண்டும், அவர் காதில் அது விழவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு, நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு போவாள். அவருடைய வக்கீல் எழுந்து தலைசுற்றல் என்பார், ரத்தக்கொதிப்பு என்பார், வயதைச் சொல்வார். மனிதாபிமானம் என்ற சொல்லை அந்தக் கோர்ட்டில் கேட்ட அளவுக்கு அவள் வேறெங்கும் கேட்டதில்லை. அத்தனையும் ஒரே ஆள் மடியில்தான் போய் விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரில் அவர் உடம்பைப் பற்றி அவளைப்போல் கவலைப்பட்டவர் யாரும் இல்லை. இருமினார் என்றால் இவளுக்குச் சோறு இறங்காது. கால் வீங்கியிருக்கிறது என்றால் சூப்பில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயையும் வழித்து எடுப்பாள். காய் நறுக்கும் கண்ணாடிக்காரிக்கு விஷயம் தெரியும். ஒரு நாள் அவள் மெதுவாக, "அக்கா, ஒரு கை மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டு அனுப்பு. யாரு கேக்கப் போறா?" என்றாள்.

"வாயக் கழுவு" என்று பாய்ந்தாள் அக்கா. "அந்த ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் பாத்துப் பேசறது? சுடுகாட்டுல போயா?"

"உப்பு போட்டுத் தின்ற மனுஷனா இருந்தா இந்நேரம் தானா வந்து ஒத்துக்கிட்டிருப்பான்."

"அவனுக்கு எங்கடி உப்பு? நான்தானே சமைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அக்காவே சிரித்தாள். சிரித்த கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் கணவரும் சும்மா இருப்பதில்லை. "எனக்கும்தான் சுகர் இருக்கு. என்னைக்காச்சும் இப்படி உருகியிருக்கியா?" என்பார். விளையாட்டாகச் சொல்வதுபோல் இருந்தாலும், அவள் நடுக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கு இவள்தான் சமைக்கிறாள் என்று அரசு வக்கீல் அம்மாளுக்குத் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாப்பாட்டுல எதையோ கலந்துட்டாங்க, அதான் உடம்பு கெட்டுச்சுன்னு அந்தப் பக்கம் சொன்னா என்ன பண்ணுவீங்க? மொதல்ல வேற பிரிவுக்கு மாத்திக்கோங்கம்மா. அந்த மாடிப் பக்கமே போகாதீங்க." அக்கா மண்டையை ஆட்டினாள். மாடிக்குப் போகவில்லை. பிரிவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. வேறு யார் கையிலாவது அந்தச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க அவளால் முடியாது.

கடைசியில் டாக்டர்கள் குழு ஒன்று அவரைப் பரிசோதித்தது. நினைவு தப்புகிறது, கேட்கும் கேள்வி மனதில் பதியவில்லை என்று சொன்னது. தீர்ப்பன்று அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கை நடுங்கியது. அக்கா கண்ணிமைக்காமல் பார்த்தாள். முழுக்க நடிப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். மனுஷனுக்கு நிஜமாகவே வயதாகியிருந்தது. விசாரணையைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை, வழக்கு இத்தோடு முடிகிறது என்று நீதிபதி சொன்னபோது, நாற்காலியைத் தள்ளிவந்த மகன் குனிந்து அப்பாவின் போர்வையைச் சரிசெய்தான்.

வெளியே வராந்தாவில் அக்கா நிற்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் தவித்தாள். அரசு வக்கீல் தோளைத் தொட்டதும் பொங்கிவிட்டாள்.

"மேடம், எனக்கும் ஒடம்பு சரியில்லைன்னு நான் சொன்னேன். அப்ப, விடுதியில. கூப்பிட்டு ஆள் வந்ததும் வயித்துவலின்னு படுத்துக்கிட்டேன். வார்டன் வந்து நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல, எழுந்து போன்னாங்க. இன்னொரு நாள் நெஜமாவே காய்ச்சல். அப்பவும் போகச் சொன்னாங்க. எனக்கு யாரு வாய்தா குடுத்தா?"

வக்கீல் அம்மாள் கேஸ் கட்டை மறுபடியும் பிரித்துப் பார்த்தார். பிறகு, "மேல்முறையீடு போடலாம். குற்றம் சாட்டப்பட்டவர் வராமலே சாட்சியைக் கேக்கறதுக்கு ஒரு வழி இருக்கு, அதையும் கேட்டுப் பாக்கலாம். ஆனா நாளாகும். அதுவரைக்கும் அந்த மனுஷன் உயிரோட இருக்கணும். இல்லேன்னா எல்லாமே அதோட முடிஞ்சிடும்" என்றார்.

"இருப்பாரு" என்றாள் அக்கா. "நீங்க போடுங்க."

மறுநாள் காலை போன் அடித்தது. அஞ்சாம் மாடி நர்ஸ். பெரியவர் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருப்பாராம். தீர்ப்பு வந்த கையோடு வீட்டுக்குப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். "இன்னொண்ணுக்கா. அவங்க வீட்டுல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. இனிமே பத்தியம் வேண்டாமாம். பொரிச்ச மீனு, காரமா குழம்பு, எல்லாம் போட்டு அனுப்பச் சொல்றாங்க. மகன் கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரு."

கண்ணாடிக்காரிக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. உப்பு ஜாடியை எடுத்து அக்கா முன்னால் டொம்மென்று வைத்தாள். "போட்டுக் குடு. திங்கட்டும். வாரிப் போடு."

அக்கா ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை துறுதுறுத்தது. அவர்களே கேட்கிறார்கள், அவர்களே கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். ஒரு கை அள்ளிப் போட்டால் அவள்மேல் குற்றம் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. பிறகு ஜாடியை மூடி, எட்டாத மேல்தட்டில் தள்ளி வைத்தாள். மீனை ஆவியில் வேகவைத்தாள். காயை வேகவைத்தாள். சூப்பை வடிகட்டி, மேலே மிதந்த எண்ணெயைக் கரண்டியால் பொறுமையாக எடுத்தாள். தட்டைச் சாப்பாட்டு லிஃப்டில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன். "என்னக்கா, சப்புன்னு இருக்காம். மகன் கத்தறாரு."

"கத்தட்டும். அப்பா இன்னும் ரொம்ப நாள் இருக்கணும்னு கீழே ஒருத்தி ஆசைப்படறான்னு சொல்லு."

நர்ஸ் நெகிழ்ந்துபோனாள். "எவ்வளவு நல்ல மனசுக்கா உங்களுக்கு! இருங்க, அவர்கிட்டயே சொல்றேன்." போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். தூரத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. அக்கா போன் வயரை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

நர்ஸ் திரும்பி வந்தாள். "அக்கா, அவரே கேக்கறாரு. அந்தப் பொம்பள யாரு, எந்த ஊரு, எங்க படிச்சவன்னு கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

அக்காவின் விரல் நின்றது. கேள்வி மனதில் பதியாத மனிதர் கேட்ட கேள்வியை அவள் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நீயும் பக்கத்துல நின்னு கேட்டேல்ல? நல்லா ஞாபகம் வச்சுக்கோ" என்றாள். "யாருன்னு சொல்ல வேண்டாம். நாளைக்கும் நான்தான் சமைப்பேன்னு மட்டும் சொல்லு."