பஜ்ஜிக் கடை எண்ணெயில் ஓடிய கார்

ஸ்ரீரங்கத்து டாக்சி டிரைவர் ஒருவர் தன் டீசல் அம்பாசடரைப் பஜ்ஜிக் கடையில் மிஞ்சிய எண்ணெயில் ஓட்டினார். நெற்றியில் திருமண், காக்கிச் சட்டையில் கறை. எண்ணெயைப் பழைய வேட்டியில் வடிகட்டுவார். மெக்கானிக்கல் படித்த நான் எண்ணெய்க்கென இரண்டாவது டேங்க் வைக்க உதவி, மூன்று விதிகளும் எழுதிக் கொடுத்தேன். டீசலில் கிளப்ப வேண்டும். சூடானதும் எண்ணெய்க்கு மாற்றலாம். குழாயில் எண்ணெய் தங்காமலிருக்க, நிறுத்துமுன் இரண்டு நிமிடம் டீசலில் ஓட்ட வேண்டும்.

ஒரு மார்கழிக் காலையில் அவர் என்னை இண்டர்வியூவுக்கு ரயிலேற்றப் போகையில், பெருமாள் புறப்பாடு எதிரே வந்தது. சட்டென்று என்ஜினை அணைத்து, இறங்கிக் கைகூப்பினார். புறப்பாடு கடந்து போவதற்குள் குழாயில் எண்ணெய் ஆறித் தடித்துவிட, கார் கிளம்பவில்லை.

"மூணாவதை மறந்துட்டீங்களா?" என்றேன்.

"மறக்கலைம்மா. பெருமாளுக்கு எதிர்ல ரெண்டு நிமிஷம் என்ஜினை உறும விடச் சொல்றீங்களா?"

ரயில் போய்விட்டது. அந்த விதியை எப்படித் திருத்துவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.