நுகேகொடைக்குப் போன புளூ அங்கர்

கொழும்புத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கிளெமென்ற் யேசுரட்ணம், பதினைந்து வருடம் கொட்டாஞ்சேனை ‘புளூ அங்கர்’ உதைபந்தாட்டக் கழகத்தின் கோல்காப்பாளர். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று அவரை ஏசுவதற்கென்றே ஊர் திரளும். “கையில என்ன, பட்டர் பூசியிருக்கோ?” என்று மனைவி ஐறீன்தான் முதலில் தொடங்குவா.

1997இல், யுத்தம் நடந்துகொண்டிருக்கையில், சிங்களவர் நிறைந்த நுகேகொடையின் இரும்புக்கடை முதலாளி ஹெக்டர் கழகத்தை வாங்கினார். தோற்றுக்கொண்டிருந்த கழகம் இவருக்கு எதற்கு? கிளெமென்றுக்கு அன்றே சந்தேகம். விடை மெல்ல வந்தது. லீக்கின் முதற்பிரிவுக்கு ஏற ஒரு புதுக் கழகம் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். அதில் இருக்கும் கழகத்தையே வாங்கினால் அந்தக் கஷ்டம் இல்லை. ஆட்டங்கள் நுகேகொடைக்கு மாறின. பழையவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தப்பட்டார்கள். பின்வரிசையில் ஆடிய சுனிலும் போனான். வேறு கோல்காப்பாளர் அகப்படாததால் கிளெமென்ற் மிஞ்சினார்.

ஒருநாள் ஹெக்டர், சிங்களத்தில் தம்பி என்று அழைத்து, அவர் தோளில் கைபோட்டார். “மல்லி, கழகத்தின் பெயரில் நான் கைவைக்கவில்லை. உம்முடைய தமிழ்ப் பெயர்தான் இடிக்கிறது. கிளெமென்ற் பெரேரா என்று சிங்களவர் பெயராகப் போடுவோம். உமக்கும் பாதுகாப்பு.”

“ஆருக்குப் பாதுகாப்பு?” என்றா ஐறீன், வீட்டில் இதைக் கேட்டதும்.

“கோல் நிக்கோணுமெண்டா வேற வழி சொல்லுமன்,” என்றார் கிளெமென்ற்.

பெயரை மாற்றினால் ஆபத்தான மனிதன் ஆபத்தில்லாதவன் ஆகிவிடுவானாம். இந்த மூடத்தனத்தை நாடே நம்பியது.

அடுத்த ஆட்டத்துக்குப் போகையில் தெமட்டகொடைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். பையில் பெரேரா என்ற ஆட்டக்காரர் அட்டை. சட்டைப்பையில் யேசுரட்ணம் என்ற அடையாள அட்டை. ஒரே முகம், இரண்டு பெயர். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சார்ஜன்ற் ஹெக்டருக்கு ரெலிபோன் எடுத்தார்.

“யேசுரட்ணமா? அப்படி ஒருவரும் என் அணியில் இல்லை.”

செய்தி கேட்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் முழுதும் பொலிஸ் வாசலுக்கு வந்தது.

“நீங்கள் யார்?”

“புளூ அங்கர்.”

“அது நுகேகொடையில் அல்லவா இருக்கிறது?”

“அங்க பெயர் இருக்கு, சேர். ஆக்கள் இஞ்ச நிக்கிறம்,” என்றா ஐறீன்.

சார்ஜன்ற் அசையவில்லை. சுனில் முன்னால் வந்து, தன் அடையாள அட்டையை நீட்டி, சிங்களத்தில் சொன்னான்: “இவர் காத்த கோலுக்கு முன்னால் எத்தனையோ வருடம் ஆடினேன். நான் பொறுப்பு.” அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. ஐம்பது தமிழர் சொன்னது இரைச்சல். ஒரு சிங்களவன் சொன்னது சாட்சி. சுனிலுக்கே அது வெட்கமாயிருந்தது.

கிளெமென்ற் பிறகு நுகேகொடைக்குப் போகவில்லை. ஞாயிறுகளில், நிறுத்தப்பட்டவர்களோடு துறைமுகப்பக்க வெறுந்தரையில் கோல் நின்றார். லீக்கில் அந்த அணிக்கு இடமில்லை. இத்தனை பேர் எதற்காகக் கூடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, தெருமுனைப் பொலிஸ்காரர் ஆட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.